யாருகிட்டக் கேட்ட?

அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று தொலைபேசியில் கேட்டிருக்கலாம்தான். கேட்டால், எதில் வருகிறது, யார் படிப்பார்கள், எத்தனை பக்கம், நல்லதாக எழுதுகிறாயா கெட்டதாக எழுதுகிறாயா என்று வரிசையாகத் திருப்பிக் கேட்பார். ஒவ்வொன்றுக்கும் விடை சொல்லி முடிப்பதற்குள் எழுதும் ஆசையே போய்விடும். அதனால் அக்கா என்று மட்டும் எழுதுகிறேன். லேபில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம், அவரைவிட வயதில் மூத்த முதலாளி உட்பட.

லேப் என்றால் ரத்தம் சோதிக்கும் இடம் அல்ல. பல் டாக்டர்கள் நோயாளியின் பல்மேல் மாட்டுகிற உறையை, அதாவது கிரவுனை, செய்து கொடுக்கும் இடம். ஆனையூரில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. நான்கு கணினி, கடைந்தெடுக்க ஒரு இயந்திரம், சுட்டெடுக்க ஒரு சூளை. ஏசி, அந்த இயந்திரத்துக்காகப் போட்டது. மிச்சக் குளிர் எங்களுக்கு. டாக்டர் நோயாளியின் வாயை ஸ்கேன் செய்து அனுப்புவார். நாங்கள் திரையில் அந்தப் பல்லின் மேல் உறையை வடிவமைப்போம். இயந்திரம் அதை ஒரு வெள்ளைக் கட்டியிலிருந்து கடைந்து தரும்.

அக்கா வேலைக்குச் சேர்ந்தபோது நான் அங்கே ஒன்றரை வருடம் பழகியிருந்தேன். எனக்கு இருபத்து நான்கு வயது. அவருக்கு முப்பத்தாறு, இரண்டு பிள்ளைகள். கல்யாணத்துக்கு முன், என்னைப்போலவே பல் தொழில்நுட்ப டிப்ளமோ படித்தவர். பிறகு பத்து வருடம் தெற்குவாசல் பக்கம் மாமியார் வீட்டில் இருந்துவிட்டு, சின்னவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் வேலை தேடி வந்தார். அவர் படித்த காலத்தில் கணினியில் பல் செய்வதெல்லாம் பாடத்தில் இல்லை. எனவே மென்பொருளை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். மூன்று வாரம் ஆயிற்று. அதில் ஒரு வாரம் அவருடைய கேள்விகளுக்குப் போனது.

அண்டர்கட் பற்றிய கேள்விகள் மட்டுமே இரண்டு நாள்.

அதை இங்கேயும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அக்காவைப் புரியாது. டாக்டர் பல்லைச் சுற்றிலும் அராவி, கீழே அகலமாகவும் மேலே கொஞ்சம் ஒடுக்கமாகவும் ஆக்குவார். அப்போதுதான் உறை மேலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்கி அடியில் இறுக்கமாக உட்காரும். எங்காவது ஒரு பக்கம் சுவர் உள்ளே குழிந்துவிட்டால் சிக்கல். ஒரு சொம்பை எடுத்துக்கொள்ளுங்கள். வாய் அகலம், கழுத்து ஒடுக்கம். அதன் மேல் கழுத்துவரை ஒரு மூடி போட வேண்டும். கழுத்தைப் பிடிக்கிற அளவில் மூடி செய்தால் வாயைத் தாண்டி இறங்காது. வாயைத் தாண்டுகிற அளவில் செய்தால் கழுத்தில் தொளதொளக்கும். பல்லில் அந்தக் கழுத்துக்குப் பெயர் அண்டர்கட். மென்பொருள் அதைச் சிவப்பாகக் காட்டும்.

சிவப்பைப் போக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, உறை இறங்கும் திசையைச் சற்றுச் சாய்ப்பது. திரையில் ஒரு அம்பு இருக்கும். அதைத் திருப்பினால் போதும். இரண்டு, பிளாக் அவுட். பொத்தானை அழுத்தினால் குழிந்த இடத்தை மென்பொருள் மெழுகால் அடைத்ததுபோல் நிரப்பிக்கொள்ளும். உறை இறங்கிவிடும். ஆனால் உள்ளே அந்த இடத்தில் பல்லுக்கும் உறைக்கும் நடுவே வெறும் பசைதான் இருக்கும். சிறு குழியென்றால் பரவாயில்லை. பெரிதென்றால், உறை நாளைக்கே கழன்று சோற்றோடு வரலாம். அல்லது இரண்டு வருடம் கழித்து உள்ளே பல் சொத்தையாகி இருக்கலாம்.

அக்காவுக்கு முதல்முறை இதைச் செய்துகாட்டினேன். சிவப்பு வந்தது. பொத்தானை அழுத்தினேன். சிவப்பு போனது.

"யாருகிட்டக் கேட்ட?" என்றார்.

"யாருகிட்டக் கேக்கணும்? அதுவே அடைச்சுக்கும்க்கா."

"அது அடைக்கும். பல்லைச் சீவுன டாக்டருக்குத் தெரியுமா, அங்க குழி இருக்குன்னு?"

"தெரியாது."

"அப்ப கேக்க வேண்டாமா?"

நான் என் நோட்டில் 'சிறியது என்றால் கேட்கத் தேவையில்லை' என்று எழுதி வைத்திருந்தேன். அதைக் காட்டினேன். அக்கா படித்துவிட்டு, "சிறுசுன்னா எம்புட்டு?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அன்று மாலை முதலாளியிடம் போய்க் கேட்டு, அளவைத் தெரிந்துகொண்டு வந்து என் நோட்டில் அவரே எழுதினார்.

கேட்பதுதான் அவர். வேறெப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவரால் எதையும் ஊகித்துக்கொண்டு இருக்க முடியாது. மனதுக்குள் ஒரு சந்தேகம் வந்தால் அது சம்பந்தப்பட்ட ஆளின் முன்னால் போய் நின்றால்தான் தீரும். ஷேர் ஆட்டோக்காரரிடம், "அண்ணே, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கே, நாங்க ஏறுனது பிடிக்கலையா, வீட்டுல ஏதும் பிரச்சினையா?" கீழே மருந்துக்கடைக்காரரிடம், "நேத்து நாங்க சிரிச்சது உங்களைப் பாத்துன்னு நெனச்சீங்களா?" முதலாளியிடம், புதிதாக ஒருவரைப் பார்த்துப் பேசி அனுப்பிய நாளில், "எங்கள்ல யாரையும் நிப்பாட்டப் போறீங்களா சார்?" அந்தக் கேள்வியை நாங்கள் மற்ற மூன்று பேரும் காலையிலிருந்து மென்றுகொண்டிருந்தோம். "நிப்பாட்டுறதா? அவரு இன்வெர்ட்டர் பாக்க வந்தவருக்கா," என்றார் முதலாளி.

டாக்டர்களைத் தொலைபேசியில் கூப்பிடும் வேலை தானாகவே அவரிடம் போய்ச் சேர்ந்தது. எங்களுக்கு அது பிடிக்காத வேலை. ஒரு டாக்டரிடம் 'நீங்கள் சீவியது சரியில்லை' என்று டிப்ளமோ படித்தவர்கள் எப்படிச் சொல்வது? அக்கா அப்படிச் சொல்ல மாட்டார். கேட்பார்.

"சார், பின்சுவர்ல ஒரு குழி தெரியுது. அது பல்லுலயே இருக்கா, இல்ல ஸ்கேன் எடுக்கும்போது எச்சி கிச்சி நின்னுருச்சா?"

"அட, அடைச்சு விட்டுருங்கம்மா."

"அடைக்கிறேன் சார். அடைச்சா உள்ள இம்புட்டு இடைவெளி வருது. பசைதான் புடிக்கணும். பரவாயில்லையா சார்? நீங்க சரின்னா சரின்னு எழுதிக்கிறேன்."

பெரும்பாலும், "வேணாம், பேஷண்ட்டை வரச்சொல்லித் திருப்பிச் சீவி அனுப்புறேன்," என்றுதான் முடியும்.

எல்லோரும் அப்படி இல்லை. அவருடைய கேள்விகள் பொறுக்காமல் ஒரு டாக்டர் எங்களை விட்டு வேறு லேபுக்குப் போனார். போனவரையும் அக்கா கூப்பிட்டு, "நான் கேட்டதுனாலயா சார், இல்ல வேற ஏதும் குறையா?" என்று கேட்டார். அவர் போனை வைத்துவிட்டார். முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஒரு நாளில் நான் பதினெட்டு உறை வடிவமைத்தால் அவர் பன்னிரண்டுதான் முடிப்பார் என்பதையும் சொல்ல வேண்டும். மீதி நேரம் போனில் இருப்பார்.

எனக்கும் ஒருமுறை கோபம் வந்தது. எனக்கு ஒரு வரன் வந்து, நான் வேண்டாம் என்று சொன்ன விஷயம் லேபுக்குத் தெரிந்துவிட்டது. எல்லோரும் மரியாதையாகத் தெரியாததுபோல் இருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் அக்கா டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே, "அந்தப் பையனை வேண்டாம்னியாமே, ஏன்?" என்றார். மற்ற மூன்று பேர் கை சோற்றில் நின்றது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "கேட்டது தப்பா, எல்லாரு முன்னாடியும் கேட்டது தப்பா?" என்றார். நான் யோசித்துப் பார்த்து, எல்லோர் முன்னாலும் கேட்டதுதான் என்றேன். சரி என்று போய்விட்டார். சாயங்காலம் படிக்கட்டில் தனியாக நிறுத்தி மறுபடி கேட்டார். சொன்னேன். இன்றுவரை வேறு யாருக்கும் சொன்னதில்லை.

ஒரு பொங்கலுக்கு மறுநாள் அவரைச் சோழவந்தானில் எங்கள் வீட்டுக்கு அழைத்திருந்தேன். அம்மா வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்த்து என்னைப் படிக்க வைத்தவர். அக்கா வருவது தெரிந்ததிலிருந்து அம்மாவுக்கு ஒரு கவலை. வாய்விட்டுச் சொல்லாத கவலை. எனக்கு வேறொரு கவலை, அக்கா எதைக் கேட்டுவைப்பாரோ என்று. இலை போட்டாயிற்று. குழம்பு வந்தது. அக்கா கையை வைக்காமல் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மா, கறி எங்க வாங்குனீங்க?"

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"பாய் கடையிலதாம்மா. நீங்க வாரீங்கன்னு அங்க போயிதான் வாங்கிட்டு வந்தேன். அத எப்படி உங்ககிட்டச் சொல்றதுன்னுதான் தெரியாம நின்னுக்கிட்டு இருக்கேன்."

"நானும் எப்படிக் கேக்குறதுன்னுதான் பாத்தேன்," என்றார் அக்கா. அது பொய். அவர் ஒரு நொடிகூட யோசித்திருக்க மாட்டார்.

அம்மா இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டு, தன் கவலையைத் தானே கேட்டுவிட்டார். "எங்க வீட்டுலயெல்லாம் சாப்பிடுவீங்களோ என்னமோன்னு இருந்துச்சும்மா."

"ஏன், உப்புக் கூடவா போடுவீங்க?" என்றார் அக்கா.

அம்மா சிரித்த சிரிப்பில் கரண்டி ஆடிக் குழம்பு என் சட்டையில் பட்டது.

இவ்வளவு பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். என்றாலும் கேட்காமல் விட்டேன். அதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

சமயநல்லூரில் ஒரு டாக்டர் இருந்தார். எங்களுக்கு வரும் வேலையில் கால்வாசி அவருடையது. கை சுத்தமான வேலைக்காரர், வாய் கொஞ்சம் சூடு. நான் சேர்ந்த புதிதில் ஒருமுறை அவரைக் கூப்பிட்டுக் குழி இருக்கிறது என்றேன். "நீ என்ன டாக்டருக்கா படிச்சிருக்க?" என்றார். அன்றோடு அவரைக் கூப்பிடுவதில்லை என்று நோட்டில் எழுதாமலே ஒரு விதி வைத்துக்கொண்டேன். அக்கா வந்த பிறகு அந்த அழைப்புகள் எல்லாம் அக்காவுக்கு.

ஒரு திங்கட்கிழமை அவரிடமிருந்து ஒரு கோப்பு வந்தது. கீழ்த் தாடை, கடைவாயில் கடைசிக்கு முந்தைய பல். நோயாளி குவைத்தில் கிரேன் ஓட்டுகிறவர், சனிக்கிழமை விமானம், அதற்குள் மாட்டியாக வேண்டும் என்று குறிப்பு. போனால் இரண்டு வருடம் கழித்துத்தான் வருவார். திரையில் திறந்தேன். பல்லின் பின்சுவரில் நல்ல பெரிய சிவப்பு. அன்று அக்கா லீவு, பெரியவனுக்குக் காய்ச்சல்.

போனை எடுத்தேன். வைத்தேன். அம்பைப் பிடித்துப் பின்பக்கமாகச் சாய்த்தேன். சிவப்பு குறைந்தது. இன்னும் சாய்த்தேன். போயே போய்விட்டது. அண்டர்கட் இல்லை, ஆகவே கேட்பதற்கும் ஒன்றும் இல்லை. எனக்கு மிகவும் நிம்மதியாக இருந்தது. புதன்கிழமை உறை வெளியே வந்ததும், ஸ்கேனை வைத்து அச்சடித்த தாடை மாடலிலிருந்து அந்த ஒரு பல்லை மட்டும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அதன் மேல் உறையைப் போட்டுப் பார்த்தேன். அழகாக இறங்கியது. உறையை மட்டும் பெட்டியில் வைத்து அனுப்பினேன்.

வியாழன் மதியம் டாக்டர் முதலாளியைக் கூப்பிட்டார். போன் ஸ்பீக்கரில் இல்லை. ஆனாலும் எங்களுக்குக் கேட்டது. உறை பாதியில் நிற்கிறது, அரை மணி நேரமாகத் தள்ளிப் பார்க்கிறேன், நாளை மறுநாள் ஆள் விமானம் ஏற வேண்டும், இனிமேல் உங்களுக்கு வேலை அனுப்புவதா என்று யோசிக்கிறேன்.

முதலாளி எங்கள் பின்னால் வந்து நின்றார். "யாரு டிசைன் பண்ணது?"

"நான்தான் சார்."

"அந்த டாக்டர் போனா, இங்க நாலு பேருக்கு வேலை இருக்காது. மூணு பேருக்குத்தான் இருக்கும்," என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். பிறகு குரலைத் தணித்து, "உள்பக்கம் கொஞ்சம் லூசாக்கி மறுபடி கடைஞ்சு விட்டுரு. இறங்கிரும்," என்றார்.

"இறங்கும் சார். நிக்குமா?" என்றார் அக்கா தன் இருக்கையிலிருந்து.

முதலாளி உள்ளே போனார். அக்கா நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து என் திரையைப் பார்த்தார். பல்லை மேலும் கீழும் சுழற்றினார். பிறகு ஒரு பட்டியலைத் திறந்து, நான் மறைத்து வைத்திருந்த ஒன்றை மறுபடி காட்டும்படி செய்தார்.

பக்கத்துப் பற்கள் திரையில் வந்தன. அம்பைத் திருப்ப இடைஞ்சலாக இருக்கிறதென்று அவற்றை நான்தான் மறைத்திருந்தேன். பின்னால் இருந்த பல் முன்பக்கம் பார்த்துச் சாய்ந்து நின்றது. உறை இறங்கி வர நான் வகுத்த பாதை அதன் நடுவழியே போனது. மாடலில் போட்டுப் பார்த்திருந்தாலாவது தெரிந்திருக்கும். நான் பல்லைத் தனியாகக் கழற்றி அல்லவா பார்த்தேன். கையில் எடுத்த பல்லுக்குப் பக்கத்துப் பல் கிடையாது.

அக்கா "யாருகிட்டக் கேட்ட?" என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. தோள்பையை எடுத்தார். "அந்த மாடலை எடுத்துக்க. சமயநல்லூர் போறோம்," என்றார்.

"நீங்க மட்டும் போயிட்டு வாங்களேன்க்கா."

"நான் போயி என்னத்தச் சொல்ல? சாய்ச்சது நானா?"

அவருடைய ஸ்கூட்டரில் போனோம். பரவை மார்க்கெட்டில் லாரிகள் நின்றதால் நேரமாயிற்று. வழியெல்லாம் நான் சொல்ல வேண்டியதை மனதுக்குள் எண்ணிட்டு அடுக்கிக்கொண்டே போனேன். ஒன்று, குழி இருந்தது. இரண்டு, சாய்த்தேன். மூன்று, பக்கத்துப் பல்லைப் பார்க்கவில்லை. நான்கு, மன்னிக்க வேண்டும். நான்கையும் எந்த வரிசையில் சொன்னாலும் வேலை போகும் என்றுதான் தோன்றியது.

கிளினிக்கில் நோயாளி நாற்காலியில் சாய்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும், பெரிய மீசை. டாக்டர் எதற்கும் முயன்று பார்ப்போம் என்று மறுபடியும் வரச்சொல்லியிருக்கிறார். கன்னத்துக்குள் பஞ்சு.

"லேபுல இருந்தா? வாங்க. வந்து நீங்களே மாட்டுங்க," என்றார் டாக்டர்.

அக்கா என்னை முன்னால் விட்டுத் தான் சுவரோரம் நின்றுகொண்டார்.

"சார்," என்றேன். அடுக்கி வைத்தது எல்லாம் போய்விட்டது. "பின்சுவர்ல அண்டர்கட் இருந்துச்சு சார். உங்களைக் கூப்பிட்டுக் கேக்கணும். பயந்துக்கிட்டுக் கேக்கல. கேக்காம பாதையச் சாய்ச்சுட்டேன். அதான் பின்பல்லுல இடிக்குது. தப்பு என்னுது."

"பயமா? நான் என்ன கடிச்சா திங்கிறேன்?"

பல் டாக்டரிடம் அதற்கு என்ன சொல்வது.

"குழி இருக்குன்னு திங்கக்கிழமையே சொல்லியிருந்தா அன்னைக்கே சரி பண்ணியிருப்பேன்ல? இப்பச் சொல்லு. இன்னைக்குத் திருப்பிச் சீவி, ஸ்கேன் எடுத்து, நீ டிசைன் பண்ணி, கடைஞ்சு, சுட்டு, நாளைக்குள்ள வந்துருமா?"

"வராது சார். சூளையிலயே ஒரு ராத்திரி ஆகும். சனிக்கிழமை மதியம்தான்."

"இவருக்குக் காலையில பிளைட்டு! இந்த அரைப் பல்லோட அனுப்பவா?"

நோயாளி கையை ஆட்டினார். "ஆ... ஊ..." என்றார்.

"இருங்க, வாய மூடாதீங்க," என்றார் டாக்டர் என்னைப் பார்த்தபடியே. "தற்காலிகமா ஒண்ணு ஒட்டி அனுப்புனா ரெண்டு மாசமாவது தாங்குமா?"

"ஊ... ஆ..." கை மறுபடியும் ஆடியது.

"அண்ணே, என்னா சொல்றீங்க?" என்றார் அக்கா சுவரோரத்திலிருந்து.

அவர் பஞ்சைத் தானே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். "டிக்கெட்டு சனிக்கிழமை இல்லம்மா. புதன்கிழமைக்கு மாத்தியாச்சு. கம்பெனியில செவ்வாக்கிழமையே சொல்லிட்டாய்ங்க."

டாக்டர் அவரை உற்றுப் பார்த்தார். "ஏன்யா இத முன்னாடியே சொல்லல?"

"யாரு கேட்டா? சொல்லலாம்னு வாயத் தொறந்தா பஞ்ச வச்சிர்றீங்க."

முதலில் சிரித்தது டாக்டர்தான். முகமூடிக்குள் சிரித்ததால் மூக்குக் கண்ணாடியில் ஆவி படர்ந்தது. அதைத் துடைத்துக்கொண்டு என் கையிலிருந்த மாடலை வாங்கினார்.

"எங்க இடிக்குது, காட்டு."

காட்டினேன். பின்சுவரைத் திருத்தினாலே பெரும்பாலும் சரியாகிவிடும், சாய்ந்த பல்லின் முன் வயிற்றில் ஒரு இழை எடுத்தால் முழுதாகச் சரியாகும் என்றேன். அவர் கைக்கருவியை எடுத்தார்.

"சார், அது நல்ல பல்லு. அவருகிட்ட ஒரு வார்த்தை..." என்றார் அக்கா.

டாக்டர் கருவியை இறக்கினார். "என்னப்பா, பின்பல்லுல துளியூண்டு எடுக்கணும். எடுக்கவா?"

"வலிக்குமா?"

"மரத்துத்தான் இருக்கு."

"அப்ப எடுங்க. கேட்டுச் செஞ்சா சரிதான்," என்று அவர் வாயைத் திறந்தார்.

அந்த உறை செவ்வாய்க்கிழமை காலையில் மாட்டப்பட்டது. தட்டவும் இல்லை, தள்ளவும் இல்லை. விரல் வைத்ததும் இறங்கி உட்கார்ந்துகொண்டது என்று டாக்டர் முதலாளியிடம் சொன்னார். மறுநாளே ஆறு வேலை அனுப்பினார். முதலாளி அந்தப் பேச்சையே பிறகு எடுக்கவில்லை. லேபில் இன்றும் நான்கு பேர் இருக்கிறோம். அக்கா இல்லை. இரண்டு வருடம் கழித்து அவர் கணவர் பை தைக்கும் தொழிலைத் திருச்சிக்கு மாற்றிக்கொண்டார், குடும்பத்தோடு போய்விட்டார்கள். அங்கேயும் ஏதோ ஒரு லேபில் டாக்டர்களைக் கேட்டுக்கொண்டிருப்பார். சிவப்பு வந்தால் நாங்களும் இப்போது கூப்பிடுகிறோம், அவரவர் கோப்புக்கு அவரவரே. இதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த வியாழக்கிழமை நாங்கள் ஆனையூருக்குத் திரும்பிய வழிதான்.

புதிய ஸ்கேன் லேபுக்குப் போய்விட்டது. வெயில் இறங்கிவிட்டது. அக்கா ஓட்டினார், நான் பின்னால் மாடலை மடியில் வைத்துக்கொண்டு. என் நெஞ்சில் பாரம் இல்லை. அவராக ஏதாவது கேட்பார், பதில் சொல்லலாம் என்று இருந்தேன். பரவை போயிற்று. ஒன்றும் கேட்கவில்லை. தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் கேட்கிறவர், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு லாரிகளைத் தாண்டிய பிறகு நானே கேட்டேன்.

"அக்கா, எம்மேல கோவமா?"

இல்லை என்பார் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்போது இல்லை என்றுதான் சொல்வார்கள்.

"ஆமா," என்றார்.

கொஞ்ச தூரம் போன பிறகு, "எம்புட்டு?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார், ஸ்கூட்டர் வேகம் குறைந்தது.

"ஆனையூர் வரைக்கும் இருக்கும்."

விளாங்குடியில் நெரிசல். ஒரு பஸ்ஸின் பின்னால் நின்றோம். "இன்னும் இருக்கா?" என்றேன். "இருக்கு. வண்டி ஓட்டும்போது பேசாத," என்றார். மாடலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கூடல் நகர் தாண்டியது. அவருடைய துப்பட்டா நுனி காற்றில் என் மூக்குக்கண்ணாடியில் அடித்துக்கொண்டே வந்தது, விலக்கவில்லை.

மருந்துக்கடை வாசலில் நிறுத்தினார். ஸ்டாண்டைப் போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி, நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினார். நான் இறங்கி எதிரே நின்றேன்.

"சரி, முடிஞ்சிருச்சு," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "மதியம் நீ சாப்பிடலைல? பசிக்குதா?" என்று கேட்டார்.

பசித்தது. சொன்னேன்.